வாடை இல்லாத பாக்கெட்

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் உதவியாளர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை நிறைய பாலிதீன் பாக்கெட்டுகள். காலாவதியான சரக்கு, புதைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். பாக்கெட்டில் இருந்தது கறுப்பு நிலக்கரித்தூள். அந்தத் தூளுக்குள், உளுந்துச் செடியின் வேரில் குடியேறி, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிற நுண்ணுயிர்கள். ஆறு மாதம் உயிரோடு இருக்கும். அந்த ஆறு மாதத்தில் கேட்டு வந்தவர்கள் நான்கு பேர். அதற்குமேல் எப்படி வருவார்கள்? நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்து, மனு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிட்டு வரும்வரை மரத்தடியில் காத்திருக்க வேண்டும். யூரியாவுக்கு யாராவது மனு எழுதுகிறார்களா? கடைக்குப் போகிறார்கள், மூட்டையைத் தூக்குகிறார்கள். இதையும் கடையில் வைத்தால் என்ன?

குழியருகே நின்றபோது தோன்றியது அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கம். எம்.எஸ்சி. முடித்துவிட்டு, அப்பா வாங்கிப்போட்ட பேங்க் பரீட்சைப் புத்தகங்களைத் திறக்காமல், திருநகரிலிருந்து தினமும் அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சம்பளமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தேன்.

பொறுப்பிலிருந்த மேடம் நான் சொன்னதை முழுதும் கேட்டார். ஒரே ஒரு பருவம் தருகிறேன் என்றார். புரட்டாசி விதைப்புக்குப் பாக்கெட்டுகளை எடுத்துப்போகலாம். முப்பது நாள் கழித்து வாங்கியவர்களின் வயலிலிருந்து செடியை வேரோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். வேரில் முடிச்சுகள் இருந்தால், நுண்ணுயிர் குடியேறிவிட்டது என்று அர்த்தம்; கடை வியாபாரம் தொடரும். இல்லையென்றால் பழையபடி மனுதான். எனக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை. முடிச்சு வராமல் எங்கே போகும்?

முதல் தொல்லை பஸ்ஸில். அட்டைப்பெட்டிகளை மேலே போட்டால் வெயிலில் வெந்துவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார். உள்ளே உயிர் இருக்கிறது, சூடு ஆகாது என்று அவசரப்பட்டு விளக்கினேன்.

"உசுரு இருக்கா? அப்ப லக்கேஜ் போடணும் மாப்ள. கோழிக்கே போடுறேன்ல."

போட்டார்.

திருமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே பெரிய உரக்கடை. சுற்றுப்பட்டுக் கரிசல் கிராமங்களின் சின்னக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அங்கிருந்துதான் போகும். கடைக்காரர் பாக்கெட்டைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் சுவர்க் கடிகாரம் தந்தார்களாம், நான் என்ன தருவேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, கல்லாவுக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

நானும் இரண்டு நாள் கடையிலேயே நின்றேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோனார்கள், மூச்சை இழுத்தார்கள், திரும்ப வைத்தார்கள். இது மருந்தில்லை, உயிருள்ளது, வாடை இருக்காது என்று ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன்.

"காசு குடுத்து யாராச்சும் பூச்சி வாங்குவாகளா தம்பி? கொல்றதுக்குத்தான மருந்து வாங்குறோம்" என்றார் ஒருவர். கடையே சிரித்தது.

அந்த இரண்டு நாளில் விற்றது ஒரு அக்காவுக்கு மட்டும். திருமங்கலத்துக்கு மேற்கே மூன்று மைலில் நிலம், தானே பார்த்துக்கொள்கிறவர். அவரும் மோந்துதான் பார்த்தார். "எனக்குச் சளி. ஒண்ணுந் தெரியலை. இருந்துட்டுப் போகுது, குடு" என்று இரண்டு பாக்கெட் வாங்கினார். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். தனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றார்.

பதினைந்து நாள் கழித்துப் போனால் அலமாரித் தட்டு காலி. அத்தனையும் போய்விட்டதாம். அந்த அக்காவும் இன்னொரு துண்டு நிலத்துக்கு மறுபடியும் வாங்கிப் போனாராம். நான் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவர் செடி எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஐப்பசியில் ஒரு மதியம் அக்காவின் நிலத்தில் நின்றேன். முதல் துண்டில் பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சுகள் கொத்தாக இருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு, உயிரோடு வேலை செய்வதன் அடையாளம். வரப்பைத் தாண்டி அடுத்த துண்டு. ஒரு செடி, இரண்டாவது செடி, பத்தாவது செடி. கடுகளவில் ஒன்றிரண்டு தவிர வேர் வழுவழு என்றிருந்தது. கஞ்சி சூடாக இருந்ததா என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை வாங்கியதில், விதைக்குப் போதும் என்று மிச்சம் வைத்த பாக்கெட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார். பூச்சிமருந்து நெடி மூக்கைப் பிய்த்தது.

நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்.

"வாடை இல்லாம எவன் தம்பி வாங்குவான்? பின்னாடி தகரக் கொட்டகையில மருந்துப் பெட்டிகளுக்கு நடுவுல நாலு நாள் போட்டு வச்சேன். சும்மா கும்முனு ஏறிருச்சு. அப்புறம் பாரு, ஒரே வாரத்துல சரக்கு ஓடிருச்சு."

"அண்ணே, அது எல்லாம் செத்துப்போச்சுண்ணே."

"செத்தா என்ன, வித்துச்சுல்ல?"

அந்தத் தகரத்துக்குக் கீழே போய் நின்று பார்த்தேன். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. நெடி கொன்றதோ சூடு கொன்றதோ, சுற்றுவட்டாரம் முழுக்கப் பிணத்தை விதையில் பூசி விதைத்திருக்கிறார்கள். அவரைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு உதவித்தான் செய்திருக்கிறார். கடையில் இரண்டு நாள் நின்ற நான் மூன்றாவது நாள் ஏன் நிற்கவில்லை என்றுதான் வழியெல்லாம் எரிச்சல்.

மேடத்தின் மேசையில் இரண்டு செடிகளையும் வைத்தேன். நல்ல செடியை மட்டும் காட்டலாமா என்று பஸ்ஸில் யோசித்தது உண்மை. நாறிய பாக்கெட் பையில் இருந்தபோது அது முடியவில்லை. அவர் இரண்டு வேரையும் நெடுநேரம் பார்த்தார். சரக்கில் குறையில்லை, போகிற வழியில்தான் குறை என்றார். தை உளுந்துக்கு ஒரு பெட்டி தருவதாகவும், அது உயிரோடு எப்படிப் போய்ச் சேரும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார். கடை என்ற சொல் அதில் இருக்கக் கூடாதாம்.

மறுநாள், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அக்காவிடம் போனேன். அவர் பாதி கேட்டுக்கொண்டே தூக்குவாளியைக் கழுவினார். சொசைட்டிக்குப் பால் ஊற்ற நேரமாகிவிட்டதாம். பின்னாலேயே போனேன். ஊரில் பாதிப்பேர் அங்கே வரிசையில் நின்றார்கள். பால் வண்டி காலி கேன்களோடு வந்து, நிறைந்த கேன்களை ஏற்றியது. டிரைவர் கேன்களின் மேல் நனைத்த சாக்குகளை இழுத்துப் போர்த்தினார். எத்தனை ஊருக்கு இப்படிப் போவார் என்று கேட்டேன். பதினொரு ஊராம், தினமும் இரண்டு நடை.

காலி கேன்களோடு வரும்போது ஈரச் சாக்குக்கு அடியில் ஒரே ஒரு அட்டைப்பெட்டிக்கு இடம் இருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. சொசைட்டி செக்ரட்டரி திங்கட்கிழமை காலையில்தான் இருப்பார் என்றார்கள். திங்கட்கிழமை அவரைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். கையில் ஒரு பாக்கெட்டும், ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். சாக்குக்கு அடியில் எவ்வளவு சூடு என்று முதலில் அளந்துவிடலாம்.