எல்லாரும் நூற்றுக்கு நூறு

எனக்குச் சந்தோஷம் வந்தால் வாயை மூடத் தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பல வருஷ இடைவெளிக்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தபோது, அடையாறு சிக்னலில் நின்றபடியே பக்கத்து ஸ்கூட்டர்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஹெல்மெட்டைத் தூக்கி, "என்னங்க?" என்றார். மறுபடியும் சொன்னேன். அதற்குள் பச்சை விழுந்து, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

வேலை இதுதான்: நிறுவனங்களுக்குப் பயிற்சி சாஃப்ட்வேர் விற்பது. ஊழியர்களின் கைபேசிக்குச் சின்னச் சின்ன வீடியோவாகப் பாடம் வரும். கடைசியில் கேள்வி கேட்கும். யார் படித்தார், யார் படிக்கவில்லை, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று முதலாளிக்குத் திரையில் தெரியும். எங்கள் அலுவலகம் அடையாறில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரு நிறுவனத்தையாவது பிடித்துக் கொடுத்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் முதலாளி நல்ல மனிதர். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முதலில் ஐ.டி. நிறுவனங்களாகப் பார்த்துப் போனேன். சாஃப்ட்வேரை சாஃப்ட்வேர்காரர்கள்தானே வாங்குவார்கள் என்று நினைத்தேன், அவ்வளவு அறிவு. கழுத்தில் விசிட்டர் அட்டையைத் தொங்கவிட்டு, ஏசி குளிரில் உட்காரவைத்து, நல்ல காபி கொடுத்து, "எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு மேடம்" என்று சிரித்து அனுப்பினார்கள். எல்லா இடத்திலும் காபி மட்டும் பிரமாதம்.

பிறகு தி.நகரில் ஒரு பாத்திரக் கடை. மூன்று மாடி, ஏகப்பட்ட ஊழியர்கள். கல்லாவில் இருந்த பெரியவர் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கையை வீசி கடையைச் சுற்றிக் காட்டினார். "இங்க என் கண்ணு இருக்கு. மேல என் தம்பி கண்ணு இருக்கு. அதுக்கும் மேல மச்சான். உங்க சாஃப்ட்வேர் எதைம்மா புதுசாப் பாக்கப்போவுது?"

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் திட்டினார், காதில் விழவில்லை. இது ஐ.டி.யா, கடையா, பெரிசா, சின்னதா என்ற விஷயமே இல்லை! ஊழியர்கள் முதலாளியின் கண்ணெதிரே இருந்தால் யாரும் இதை வாங்கமாட்டார்கள். யாருடைய ஆட்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேலை செய்கிறார்களோ, அவர்கள்தான் வாங்குவார்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் மருந்துக் கடை, வாசலுக்கு வாசல் காவலாளி அனுப்பும் ஏஜென்சி, ராத்திரி ஷிஃப்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று நிர்வாகிக்கே தெரியாத ஆஸ்பத்திரி. அங்கேயே நின்று என் கணவருக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் இதைச் சொன்னேன். "சரி, சாப்பிட்டியா?" என்றார். கொலம்பஸ் வீட்டிலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்த இடம்தான் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் இருந்த ஏஜென்சி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். அதை நடத்திய அம்மாள் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். வைரமூக்குத்தி, வாயில் வெற்றிலை, பேச்சில் வெட்டு.

"எங்க பொண்களெல்லாம் ஒவ்வொரு ஆத்துல ஒவ்வொருத்தியா இருந்துண்டிருக்கா. உள்ள என்ன நடக்கறதுன்னு நேக்கு என்ன தெரியும்? அமெரிக்காவிலேருந்து பிள்ளை போன் பண்ணி, டிரெயினிங் குடுத்தேளான்னு கேக்கறான். குடுத்தேன்னு சொல்லிண்டிருக்கேன்" என்றார். எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்ப்பது, பிடித்தால் கையெழுத்து என்று முடிவானது. என் ஆறு மாதத்தில் மிச்சம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பெண்களில் பெரும்பாலானவர்கள் ஒருகாலத்தில் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்து, இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டவர்கள். விடிவதற்கு முன் எழுந்து பஸ் பிடித்து வருபவர்கள். அவர்கள் எல்லாரையும் ஏஜென்சி அறையில் உட்காரவைத்து, கைபேசியில் சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தேன். யாரும் மறக்கக்கூடாது என்று எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தேன். கடைசியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, தயவுசெஞ்சு எல்லாரும் முடிச்சிடுங்க. நீங்க முடிக்கலைன்னா என் வேலை போயிடும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் கணினியைத் திறந்தால் திரை முழுக்கப் பச்சை. எல்லாரும் எல்லாப் பாடமும் முடித்துவிட்டார்கள். எல்லாரும் நூற்றுக்கு நூறு! எங்கள் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். கீழே ஓடி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மயிலாப்பூருக்குப் பறந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தது டூட்டி மாறும் சாயங்கால நேரம். பெண்கள் பஸ்ஸுக்குப் போகும் முன் ஏஜென்சியில் தலைகாட்டிவிட்டுப் போவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தேன். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாருமே நூறா?"

"எல்லாருமே, மாமி!"

அவர் வாசலில் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். "படுத்துண்டே இருக்கறவாளுக்குச் சாதம் எப்படி ஊட்டணும்? பாடத்துல என்ன போட்டிருக்கு?"

அந்தப் பெண் மைசூர்பாகை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அது அக்காக்குத்தான் மேடம் தெர்யும். அதான் பாத்துச்சு" என்றாள்.

அக்கா என்றால், அவர்களில் மூத்தவள். நல்ல உயரம், கணீரென்ற குரல். அவளுக்கு ஒளிக்கவோ மறைக்கவோ எதுவும் இருக்கவில்லை. "ஆமா மேடம், நான்தான் அல்லாருக்கும் போட்டேன். தப்பா டிக் பண்ணா ரெட்டு வரும், மாத்தி டிக் பண்ணா கிரீன் வந்துடும். லாரி தண்ணி வந்தா ஒர்த்தி நின்னுக்கினு அல்லார் கொடத்தயும் வர்சைல வெப்போம். ஆளாளுக்கு இன்னாத்துக்கு நிக்கணும்? அது மாரிதான் இது."

அம்மாள் மைசூர்பாகு டப்பாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக அல்ல. "ஒரு வாரம் தரேன். அவாவா பாடத்தை அவாவாளே படிக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

அன்றைக்கு நானும் அவர்களோடு பஸ் ஏறினேன். நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே அக்காவிடம் கேட்டேன். "ஏங்கா இப்படிப் பண்ணீங்க?" கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "நீதான சொன்ன, முடிக்கலன்னா வேல பூடும்னு. இதுங்களுக்கு ஊட்டுக்குப் போனா சோறாக்கவே டைம் கெடியாது. வேல பூட்ச்சுன்னா இன்னா கஷ்டம்னு எங்களுக்குத் தெர்யாதா? அதான் ரெண்டு நாளு உக்காந்து முட்ச்சேன்."

என் வேலையைக் காப்பாற்றத்தான் எல்லாரும் நூறு வாங்கியிருக்கிறார்கள்.

பாடத்துக்கு நேரம் எங்கே என்று யோசித்தால், நேரம் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தது. மறுநாள் பழைய மதிப்பெண்களையெல்லாம் அழித்தேன். கடவுச்சொல் ஆளுக்கு ஒன்று. மாற்றி மாற்றித் தட்டி விடை கண்டுபிடிக்கும் வழியையும் எங்கள் அலுவலகத்தில் சொல்லி அடைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் நான் கேள்வியைச் சத்தமாகப் படிப்பேன், அவரவர் யோசித்து அவரவர் கைபேசியில் அழுத்த வேண்டும். "தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் முதலில் என்ன செய்யவேண்டும்?"

"தூக்கணும்!" என்றார் பின் சீட்டில் யாரோ ஒருவர்.

"தூக்கக்கூடாதுங்க, எலும்பு ஒடைஞ்சிருந்தா?" என்றாள் காலேஜ் பெண் ஒருத்தி.

"மொதல்ல தண்ணி குடும்மா" என்றார் கண்டக்டர்.

"நைனா, நீ டிக்கெட்டக் கிழி. பரீச்ச எங்களுக்கு" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது. உடனே தூக்காமல், வலி எங்கே என்று கேட்டுப் பார்த்து, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்று வீடியோ சொன்னதும், ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, போன மாசம் பாட்டிய நான் தூக்கிட்டேனே" என்றாள். அதற்குப் பிறகு யாரும் என் வேலைக்காகப் படிக்கவில்லை. டைடல் பார்க் சிக்னலில் பஸ் நிற்க நிற்க அடுத்த கேள்வியைப் போடு, அடுத்த கேள்வியைப் போடு என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்கள்.

வாரக் கடைசியில் திரை பார்க்கச் சகிக்கவில்லை. பாதி பச்சை, பாதி சிவப்பு. இரண்டு பேர் பாதியில் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் நூறு வாங்கிக் கொடுத்த அக்கா, மாத்திரைப் பாடத்தில் தானே ஃபெயில். நான் வெறுங்கையோடு போய் அம்மாளிடம் காட்டினேன்.

அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். "இப்பதான்மா நேக்கு நம்பிக்கை வர்றது. யாருக்கு எது தெரியலைன்னு தெரிஞ்சாதானே, யாரை எந்த ஆத்துக்கு அனுப்பறதுன்னு தெரியும்?" என்று சொல்லிவிட்டு, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார்.

மாட வீதிக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. பூக்காரம்மாவிடம் சொன்னேன். என்னை வழிவிடச் சொல்லிக் கத்திய ஆட்டோக்காரரிடமும் சொன்னேன். எங்கள் முதலாளிக்குப் போன் போடக் கைபேசியை எடுத்தால், அதற்குள் அதுவே அடித்தது. அக்கா.

"இன்னா மேடம், வேல கீதா, பூட்ச்சா?"

"இருக்குக்கா! நிரந்தரமாயிடுச்சுக்கா!"

அந்தப் பக்கம் அவள் திரும்பிக் கத்துவது கேட்டது. "ஏய், அதுக்கு வேல கெட்ச்சிடுச்சுடி!" பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல், யாரோ விசில் அடித்தார்கள். நான் நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தேன். கூச்சல் அடங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானே பெயிலாமே. அந்த மாத்திரப் பாடத்த இன்னொரு தபா போடு மேடம். இந்தத் தபா எனுக்காவ படிக்கிறேன்."