செண்பகத்தோப்புக் காடும் வேம்பார்க் கடலும்: நானும் என் நாத்தனாரும் நடந்த இரண்டு நாள்

தீபாவளி முடிந்தால் எங்கள் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனிகள் ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும். மழையும் ஓய்ந்து, பனி இறங்கி, வெயில் உறைக்காமல் இருக்கும் கார்த்திகைக் கடைசி அது. நடப்பதற்கு இதைவிட நல்ல காலம் எங்கள் பக்கம் கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் காட்டையும் கடலையும் நடந்து பார்த்துவிட்டு வந்தோம். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்புதான். போனில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடுகிறது, பிழையை என் மகன் கார்த்தி திருத்துவான்.

நான் சுலபத்தில் கிளம்பவில்லை. போன பங்குனியில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழும்போது போன் வந்தது. கம்பெனியில் வெடித்துவிட்டது, என் வீட்டுக்காரர் போய்விட்டார். அன்றிலிருந்து நான் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. நான் வெளியூர் போனால் வீட்டில் ஒருத்தருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனதில் விழுந்துவிட்டது. வீட்டில் இனி மிச்சம் இருப்பது கார்த்தி ஒருத்தன்தான். சிவகாசியில் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறான்.

என் வீட்டுக்காரரின் தங்கை மாரியும் என்னைப் போலப் பட்டாசு வேலைக்காரிதான். அவள்தான் வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, எட்டு மாசமா அடுப்பையும் சுவரையும் பாத்துக்கிட்டே இருக்கீக. அதுக ரெண்டும் ஒங்களைப் பாத்து சலிச்சுப் போச்சு. கிளம்புங்க."

"கார்த்திக்கு யாரு சோறாக்குவா?"

"காலண்டர் சீசன்ல அவன் வீட்டுக்கு வர்றதே தூங்கத்தான். அவனே ஒங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்லித்தான் எங்கிட்ட வந்தான்."

முதல் நாள் பக்கத்தில் போவோம், பிடிக்காவிட்டால் மறுநாள் வேண்டாம் என்று பேச்சு. சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, செண்பகத்தோப்புக்கு ஆட்டோ பேசினோம். காத்திருந்து திரும்பக் கூட்டி வர அறுநூறு ரூபாய். வழியெல்லாம் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. நேர் எதிரே மலை. பாதி மலையைப் பனி மூடியிருந்தது.

காட்டு வாசலில் இரும்புக் கேட். காவலுக்கு இருந்தவர், "தீப்பெட்டி, பீடி, லைட்டர் எதுவும் இருக்காக்கா?" என்று கேட்டுப் பையைப் பார்த்தார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் என் கை தானாகப் போனை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டது.

"இதை எதுக்குக்கா தர்றீக? நீங்க போட்டோ எடுக்க வேண்டாமா?" என்று சிரித்தார். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தோம்.

ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். மழைத் தண்ணீர் இன்னும் ஓடியது. கால் வைத்தால் எலும்பு வரை குளிர். மாரி "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினாள். கால் வெறுங்கால். என் காலைப் பார்த்தாள். அதுவும் வெறுங்கால்.

"மதினி, செருப்பு எங்க?"

"ஒன் செருப்பு எங்க?"

இரண்டு ஜோடியும் கேட் வாசலில் கிடந்தன. எங்கள் கம்பெனிகளில் வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வெடிமருந்து அறைக்குள் போக வேண்டும். செருப்புக்கடியில் ஒரு மணல் உரசினாலும் பொறி பறக்கும். அதே கேள்வியைக் காட்டு வாசலில் கேட்டதும் இரண்டு பேருமே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்! மாரி பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. எட்டு மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வெறுங்காலால் ஒரு லாபமும் உண்டு. நாங்கள் காலை இழுத்து நடக்க மாட்டோம், அலுங்காமல் வைத்து எடுத்தே பழக்கம். அதனால் இந்தக் காட்டில் மட்டும் அதிகமாக இருக்கும் சாம்பல் நிறப் பெரிய அணில் எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்து காய் தின்றது, ஓடவே இல்லை. வால் மட்டும் ஒரு முழம் இருக்கும். திரும்பி வந்தபோது காவல்காரர் செருப்புகளைக் காட்டி, "நாலு மணி நேரமா இதுகளுக்குத்தான் காவல் இருக்கேன்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கார்த்தி நன்றாக இருந்தான். அதனால் மறுநாளும் கிளம்பினேன்.

கடலுக்குப் போவது லேசில்லை. சாத்தூரிலிருந்து கோவில்பட்டி, அங்கிருந்து விளாத்திகுளம், பிறகு வேம்பார் என்று மூன்று பஸ் மாற வேண்டும். எண்பது கிலோமீட்டர் வரும். காலை ஆறு மணிக்கு ஏறி பத்து மணிக்கு இறங்கினோம். ஆளுக்கு நூறு ரூபாய் ஆகவில்லை. விளாத்திகுளம் தாண்டியதும் கரிசல் முடிந்து, மண் சிவந்து, பனைமரமாக வரும். ஒவ்வொரு பஸ் மாறும்போதும் ஊருக்குத் திரும்பும் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். மாரியிடம் சொல்லவில்லை.

வேம்பாரில் டீ குடித்துவிட்டுக் கரையோடு வடக்கே நடந்தோம். இடது கைப் பக்கம் பனங்காடு, வலது பக்கம் கடல். ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. கால் மணி நேரம் போயிருக்காது, "டொம்" என்று ஒரு சத்தம்.

எங்கள் ஊரில் இந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். தெருவுக்கு ஓடி வந்து புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்போம். திசையை வைத்து எந்தக் கம்பெனி, அதில் நம் ஆள் யார் என்று கணக்குப் போடுவோம். எண்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம் என்பது எங்களுக்கு மறந்துவிட்டது. நானும் மாரியும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பனங்காட்டுக்கு மேலே வானத்தைத் தேடினோம்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்தார். "கடலு இங்கன கிடக்கு. நீங்க அங்கன என்ன தேடுதீக?"

"புகை" என்றாள் மாரி.

"எந்த ஊரு?"

"சிவகாசிப் பக்கம்."

அந்த அம்மா கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார். பிறகு, "பக்கத்து ஊருக் கோயில்ல கொடியேத்தம் தாயி. அதுக்கு வேட்டுப் போடுதாக. யாருக்கும் ஒண்ணுமில்லை" என்றார்.

புத்திக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. கார்த்திக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

"மிஷின் ஓடும் மதினி. அந்த இரைச்சல்ல கோயில் மணி அடிச்சாலும் கேக்காது."

"நான் போறேன் மாரி. பஸ் எத்தனை மணிக்கு?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் இங்கனதான் நிக்கணும்."

நிற்க முடியவில்லை. அதனால் நடந்தேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே நடந்தேன். மாரி பின்னாலேயே வந்தாள். படகுகளைத் தாண்டி, வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டிப் போனபோது போன் அடித்தது.

"எம்மா, என்ன? லோடு போகணும், மிஷினை இப்பத்தான் நிறுத்துனேன்."

"ஒண்ணுமில்லய்யா. சாப்பிட்டியா?"

"பரோட்டா தின்னேன். அதை விடுங்க. கடல் எப்பிடி இருக்கு?"

இவ்வளவு நேரமும் நான் அதைப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் திரும்பினேன். கரையோரம் கலங்கல், அதற்கு அப்பால் பச்சை, கடைசியில் கருநீலம். அலை பெரிதாக இல்லை. குளிர்ந்த காற்று நேரே முகத்தில் அடித்தது.

"பெருசா இருக்குய்யா" என்றேன். அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ் வரும்வரை, மாரி போதும் போதும் என்று சொல்லியும், நடந்துகொண்டே இருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காட்டுக்குள் எல்லா நாளும் விடுவதில்லை, மழை பெய்தால் பூட்டிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரித்துவிட்டுப் போங்கள். காலை ஏழு மணிக்கே போனால்தான் பனியும் அணிலும் கிடைக்கும். ஓடையில் பாறை வழுக்கும். வேம்பாரில் ஆழம் தெரியாமல் குளிக்க இறங்காதீர்கள். சாப்பாட்டுக்கடை குறைவு, கட்டுச்சோறு கொண்டு போங்கள். விளாத்திகுளத்துக்குத் திரும்ப சாயங்கால பஸ்ஸை விட்டால் கஷ்டம். கருவாடு வாங்கினால் இரண்டு பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. என்னைப் போல வீட்டைவிட்டு வெளியே போகப் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். பயம் போனபிறகு கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். அதையும் கூட்டிக்கொண்டே போங்கள், அதற்கும் டிக்கெட் கிடையாது.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். கார்த்தி விரலில் மையோடு வாசலில் நின்று, "என்னம்மா இம்புட்டு நாத்தம்?" என்று பையை வாங்கினான். வேம்பாரில் அந்த அம்மாவிடம் வாங்கி வந்த கருவாட்டை வறுத்தேன். இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றான். நான் வெளியூர் போய்விட்டு வந்திருக்கிறேன். வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.