தண்டவாளத்துக்கு வடக்கே கிணறு

"வெளிநாடு போயிட்டு வர்றேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள் ஹத்லா. கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கிணறு.

எங்கள் வீடுகள் தண்டவாளத்துக்குத் தெற்கே. துருக்கியரும் சிரியாவை ஆண்ட பிரெஞ்சுக்காரரும் பேசி அந்தத் தண்டவாளத்தையே எல்லையாக்கியதில் நாங்கள் சிரியாவுக்குப் போனோம். எங்கள் தண்ணீர் துருக்கிக்குப் போனது. ஹத்லா மட்டும் எங்கேயும் போகவில்லை. நெட்டையான உடம்பு, மோவாயில் பச்சைக்குத்து, கன்னத்தில் எப்போதும் ஒரு காய்ந்த அத்திப்பழம். அதை அடக்கிக்கொண்டே ஊர் முழுக்க வம்பு பேசுவாள்.

போன கோடையில், நிறைகுடத்தோடு அவள் திரும்பும்போது புதிதாக வந்த துருக்கிச் சிப்பாய் ஒருவன் சுட்டான். குடம் சிதறியது. சொட்டச் சொட்ட நின்றவள் தன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"குடத்தச் சுட்டுட்ட. தாகத்த எப்படிடா சுடுவ?"

நாத்தனாரின் குடத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே மறுபடியும் போனாள். நாங்கள் பயந்து, குட்டைத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தோம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது.

அந்தச் சூட்டை விசாரிக்க மூன்று நாட்டு அதிகாரிகள் காரில் வந்து கூடாரம் அடித்தார்கள். தலைவர் இரண்டு பக்கமும் சேராத மூன்றாம் நாட்டுக்காரர்; வெயிலில் சிவந்துபோன, மரியாதை தெரிந்த மனிதர். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்கள் பேச்சில் சொன்னார்:

"அனுமதி இல்லாமப் போனது தப்புன்னு ஒரு கைநாட்டு வையும்மா. உனக்குப் போய்வரச் சீட்டு குடுத்துருவாங்க."

"எனக்கு மட்டுமா? இவளுங்களுக்கு?"

"அத ஜெனீவாவுல முடிவு பண்ணுவாங்க."

"அதுவரைக்கும் எச்சிலையா முழுங்குவாளுங்க?" அத்திப்பழத்தைத் துப்பினாள். "இந்தத் தண்டவாளத்துக்குச் சல்லி சுமந்த கைய்யா இது. அப்ப யாரு சீட்டு கேட்டா? தப்புன்னு எழுதுறவன் கைநாட்டு வைக்கட்டும்."

தலைவர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் வெகுநேரம் இருமினார்.

ஒன்றும் முடிவாகாமல் கார் போய்விட்டது. இன்று நாங்கள் அத்தனை பேரும் சீட்டில்லாமல்தான் தண்ணீர் எடுக்கிறோம். கார் போன மறுநாள் தொடங்கியது அது.

அன்று காலை தண்டவாளம் வரை அவள் பின்னால் போய்த் தயங்கி நின்றோம். எதிரே சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான்.

"நில்லு!"

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இருந்தாள் ஹத்லா. நிற்கவில்லை, ஓடவும் இல்லை. அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, விரல்களை மடக்கி எங்களை வரச்சொன்னாள்.