எட்மண்டன் குளத்துக்கு நான் கட்டிய வலை

மீனைப் பார்த்ததும் இது குழம்புக்கா பொரியலுக்கா என்று யோசிக்காமல் நிற்க, நாற்பத்தாறு வயதில்தான் நான் பழகவேண்டி வந்தது. லண்டன் எட்மண்டனில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் இரண்டு கட்டில் அளவில் ஒரு குளம் இருந்தது. அதற்குள் ஒன்பது தங்கமீன்கள். வீட்டை விற்ற வயோதிபப் பெண்மணி திறப்பைத் தரும்போது வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மீன்களைப் பார்த்துக்கொள்வீர்கள்தானே?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். என் மனைவி ரஞ்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு "ஓம் ஓம்" என்றாள். அவருக்கு விளங்கவில்லை என்று கண்டபிறகு "யெஸ்" என்றாள். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் பிறந்த நான், ஷிப்ட் முடிந்து வந்து மீனுக்குத் தீன் போடுகிறவனானேன்.

இலையுதிர் காலத்தில் சாம்பல் நிற நாரை ஒன்று வரத் தொடங்கியது. விடியற்காலையில் குளத்தோரம் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கும். ஒரு கிழமைக்குள் இரண்டு மீனைக் கொண்டுபோய்விட்டது. நான் கையைத் தட்டித் துரத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் கமராவோடு நின்ற அயலவர் கீத்துக்கு அது பிடிக்கவில்லை.

"எவ்வளவு அழகான பறவை!" என்றார்.

"கள்ளன்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அதைத் தொடக்கூடாது, தெரியும்தானே? சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது" என்றார்.

அன்று முழுக்க 'பாதுகாப்பு' என்ற அந்த வார்த்தை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தொண்ணூறில் ஷெல் விழ விழ நாங்கள் மயிலிட்டியை விட்டு ஓடினோம். படகும் என்ஜினும் வலையும் கரையிலேயே கிடந்தன. அதற்குப் பிறகு அந்தக் கடற்கரை ஆமியின் பாதுகாப்பு வலயம். யாருடைய பாதுகாப்புக்கு என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் அண்ணை இன்னும் அங்கே அகதி முகாமில்தான் இருக்கிறார். நடந்துபோகிற தூரத்தில் கடல் இருந்தும் அவர் அதில் கால் வைக்க ஏலாது. எங்களைத் தொடக்கூடாது என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. இந்த நாரைக்கு ஒரு சட்டம் இருக்கிறது.

"அது பறவையப்பா. அதோட என்ன கோபம்?" என்றாள் ரஞ்சி.

"எனக்குப் பறவையோட கோபமில்லை" என்றேன்.

நாரையைத் தொடக்கூடாது, சரி. வலை கட்டலாம்தானே. கடையில் விற்கிற வலையைப் பார்த்தேன். முடிச்சே இல்லாத பிளாஸ்டிக். நைலோன் நூல் வாங்கி நானே இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து பின்னினேன். பதினைந்து வருடமாகத் தொடாத வேலையைக் கை மறக்கவில்லை. அதுதான் பிழையாகப் போனது. கடலில் வலை தொய்ந்திருக்கவேண்டும், தொய்வுதான் பிடிக்கும். குளத்துக்கு மேலே வலை விறைப்பாக நிற்கவேண்டும். என் கைக்குத் தெரிந்தது பிடிக்கிற வலை மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலை நாரையின் கால் அதில் சிக்கிக்கொண்டது. செட்டையடிக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். சாக்கு ஒன்றால் அதன் தலையை மூடி, உடம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன். வலையில் மாட்டுகிற ஆமைகளை இப்படித்தான் விடுவிப்போம். கீத் வேலிக்கு மேலால் கத்தினார்: "விடு அதை! சாப்பிடவா பிடித்தாய்?"

எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருக்க முடியவில்லை. கடைசிக் கண்ணியையும் அறுத்து நான் விட்டதும் நாரை பறந்து போனது. அவர் அதைப் பார்த்தார். பார்த்தபிறகும் டெலிபோன் எடுத்தார்.

மத்தியானம் மிருகநலன் அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். குளத்தைப் பார்த்தாள், வலையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல வேலைப்பாடு. ஆனால் இழுத்துக் கட்டுங்கள்" என்றாள். குற்றம் ஒன்றுமில்லை என்று கீத்திடமும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் தலையாட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்கு 'மோர்னிங்' சொன்னார், ஒன்றும் நடக்காதது போல. நான் ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை.

மார்கழியில் குளம் உறைந்தது. மேலே கண்ணாடி மாதிரி ஐஸ். அடியில் மீன்கள் கல்லுப்போலக் கிடந்தன. மூச்சுக்குக் காற்று வேண்டுமே என்று எனக்குப் பதற்றம். கடலைப் பற்றிக் கேளுங்கள், சொல்லுவேன். ஐஸைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இரும்பு அலவாங்கை எடுத்து ஓங்கிக் குத்தினேன். முதல் குத்து மீனுக்காக. அதற்குப் பிறகு குத்தியதெல்லாம் மீனுக்காக இல்லை. ஐஸ் தூள் தூளாகப் பறந்தது. ரஞ்சி ஓடிவந்து கையைப் பிடித்தபோதுதான் நிறுத்தினேன்.

அடுத்தநாள் மூன்று மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

"ஐஸை அடிக்கக்கூடாது, மேட்" என்றார் கீத், வேலியில் சாய்ந்துகொண்டு. "அதிர்ச்சியில் செத்துப்போகும். சுடுதண்ணிச் சட்டியை மேலே வை. தானாக உருகும்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "மீனைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தாறியோ?" என்று தமிழில் கேட்டேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துப் பெருவிரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார். செத்த மீன்களைக் கையில் எடுத்தேன். நாரை தின்றது இரண்டு. என் கோபம் தின்றது மூன்று.

பின்னேரத்துக்குள் குளம் மறுபடி மூடிக்கொண்டது. ரஞ்சி தண்ணீர் கொதிக்கவைத்துத் தந்தாள். சட்டியைக் கொண்டுபோய் ஐஸில் வைத்துவிட்டுக் குந்தியிருந்தேன். மெல்ல மெல்ல ஒரு வட்டம் இளகியது. சட்டியை எடுத்துவிட்டு அந்தத் துவாரத்துக்குள் விரல்களை விட்டேன். குளிர் எலும்புவரை ஏறியது. அடியில் நாலு மீன்களும் செவுள் அசைய உயிரோடு இருந்தன. ஒரு யோசனையுமில்லாமல் ஈர விரலை வாயில் வைத்தேன்.

உப்பு இருக்கவில்லை.