ஒஸ்வால்ட் கேட்கும் முதல் கேள்வி

பிரிண்டரைத் திரும்பியும் பார்க்கமாட்டார் ஒஸ்வால்ட். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, அவர் தன்பாட்டில் பிரிண்டரின் வயரைப் பிடித்தபடி சுவரோரமாகக் குனிந்து போவார். அது போய்ச் சேரும் கணினியடியில் நிமிர்ந்து, "இதில இருக்கிறது யாரு? ஆள் எங்க?" என்பார்.

கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர். வெள்ளவத்தைக் கந்தோர்களில் பாதிக்கு இவர்தான் பிரிண்டர் வைத்தியர். பை நிறைய வயர் கொண்டு திரிவதால், இந்த யுத்த காலத்தில் ஒவ்வொரு செக்பொயின்டிலும் கொட்டிக் காட்ட வேண்டும். சிங்களத்தில் பகிடி விட்டுச் சமாளித்து வந்துவிடுவார். ஆனால் பிந்தித்தான் வருவார். தேத்தண்ணி குடிக்காமல் வேலை தொடங்கவும் மாட்டார். "வரல்லண்டு பத்துத் தரம் அமத்தினா, பத்தும் கியூவில நிக்கும். இதென்ன பாண் கடையா?" என்று ஏசுவார். ஏசிவிட்டுத் தானும் பிரிண்டருக்கு ஒரு தட்டுத் தட்டுவார்.

எங்களுடையது சரக்கு அனுப்பும் கந்தோர். எல்லோருக்கும் ஒரே பிரிண்டர். அதைக் கொளுவியிருப்பது நேசமலரின் கணினியில். அவள் அதைப் போட்டால்தான் எங்களுக்குத் தாள் வரும். போன மாதம் ஒருநாள் காலை ஒருவருக்கும் வரவில்லை. மனேஜர் வரதராசா கூப்பிட்டு, ஒஸ்வால்ட் வந்து, வழக்கமான கேள்வியைக் கேட்ட பிறகுதான் நேசமலரின் கதிரை வெறுமையாக இருப்பது எங்கள் கண்ணில் பட்டது. அதுவரை பிரிண்டரைத் திட்டினோமே தவிர, அவளை ஒருவரும் தேடவில்லை.

பியோன் ராமையா அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போன் எடுத்தார். முந்திய இரவு அந்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் கண்டதும் பொலிஸ் அவளைக் கொண்டுபோய்விட்டதாம். வேலை செய்யும் இடத்துக் கடிதம் வந்தால் விடுவார்களாம். வராவிட்டால் பின்னேரம் வேறெங்கோ மாற்றிவிடுவார்களாம்.

வரதராசா தன் கணினியில் கடிதத்தை அடித்தார். அடித்தென்ன? பிரிண்டர் நேசமலரின் கணினியில். அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் அவளுடைய தலைக்குள். "கையால எழுதினா அவங்கள் ஏற்கமாட்டாங்கள்" என்று அவர் தவித்தார்.

ஒஸ்வால்ட் அன்று தேத்தண்ணி கேட்கவில்லை. வயரைக் கழற்றினார். பிரிண்டரைத் தூக்கிப்போய் மனேஜரின் மேசையில் வைத்தார். அதை அந்தக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் டிஸ்க்கைப் போடுகிறேன் என்று அவசரத்தில் வேறொன்றைப் போட, தாள் முழுக்க நட்சத்திரமும் கட்டமுமாக வந்து விழுந்தது. "மாதாவே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சரியானதைத் தேடிப் போட்டார். கடிதம் வந்தது. வரதராசா கையெழுத்து வைத்து முடிப்பதற்குள் ராமையா செருப்பைக் கொளுவிக்கொண்டு வாசலில் நின்றார்.

மத்தியானம் தாண்டியும் ஒஸ்வால்ட் போகவில்லை. ஒருவரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவுமில்லை. கடைசியில் போன் அடித்தது. "விட்டுட்டாங்கய்யா! புள்ளையோட பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்றார் ராமையா. கந்தோரே கைதட்டியது, நான் அழுதுவிட்டேன்.

வரதராசாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு மனேஜராகிவிட்டார்.

"ஒஸ்வால்ட், பிரிண்டர் இனி என்ர மேசையிலயே இருக்கட்டும். இன்னொருக்கா அந்தப் பிள்ளை வராட்டிலும் வேலை நிக்காதெல்லே."

"அவ வருவா சேர்" என்றார் ஒஸ்வால்ட். பிரிண்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய் நேசமலரின் மேசையில் வைத்தார். பிறகு, வயரைக் கொளுவுவதற்காக அந்த மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார்.