மொட்டைமாடியில் ஏழடி வட்டம்

சம்மட்டி எறிகிறவர் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. எங்கள் சித்தப்பா மைதானத்தில் சுழலத் தொடங்கினால் அத்தனை பேரும் வேலியோரம் ஒதுங்கிவிடுவார்கள். பெயர்தான் சம்மட்டி. உள்ளபடி அது ஒரு இரும்புக் குண்டு, அதில் ஒரு கம்பி, கம்பி முனையில் கைப்பிடி. அதைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளித் தெருவில் அவர் வந்தால் முனை ரிக்‌ஷாக்காரர் சும்மா விடமாட்டார்.

"இன்னா நைனா, சம்மட்டின்றாங்கோ, கட்டை எங்க கீது?"

"தூரமா வுழுந்துடுச்சுண்ணே, தேடிக்கினு கீறேன்" என்பார் சித்தப்பா. தெருவே சிரிக்கும்.

அந்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆபீஸ் நாட்களில் மைதானத்துக்குப் போக நேரம் ஏது? கால் சுழற்சியையாவது வீட்டில் பழகலாம் என்று, எறிகிறவர் கால் தாண்டக்கூடாத அந்த ஏழடி வட்டத்தை மொட்டைமாடியில் போட்டார். நூலின் ஒரு முனையை நடுவில் அழுத்திப் பிடிக்கும் பொறுப்பு எட்டு வயதுக்காரி எனக்கு. மறுமுனையில் சுண்ணாம்புத் துணியோடு அவர் சுற்றி வந்தார்.

"இடியே விழுந்தாலும் விரலை எடுக்கப்படாது, தெரிஞ்சுதா?"

இடி விழவில்லை. கட்டெறும்பு கடித்தது. விரல் நகர்ந்தது. கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லை. சித்தப்பா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கண்ணளவில் இழுத்துச் சேர்த்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் அதற்குள்தான் சுழன்றார், வெறுங்கையோடு.

போட்டி முடிந்த மறுநாள் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் முடிவு வந்தது. எல்லார் பெயருக்கும் எதிரே ஒரு தூரம் இருந்தது. சித்தப்பா பெயருக்கு எதிரே இல்லை. மூன்று வீச்சும் செல்லாதாம். "கால் வட்டத்தைத் தாண்டிடுச்சு" என்றார் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு குடித்தனம் இருந்த வீடு அது. ஆனால் சொல்லி அழ ஒரு ஆள் கிடைக்கவில்லை.

சித்தப்பா திரும்பி வந்தார். தெருவில் யாரும் கேலி செய்யவில்லை. ரிக்‌ஷாக்காரர்கூட வெறுமனே வணக்கம் வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலமானால் அவர் தனியாக மாடிக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் நானும் ஏறினேன். வட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, அன்னிக்கு எறும்பு கடிச்சுது. விரலை நகத்திட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பழைய நூலை எடுத்து வந்தார். என்னை நடுவில் பிடிக்கச் சொல்லி, கோட்டின் மேலேயே சுற்றி அளந்தார். இந்தத் தடவை நான் மூச்சுகூட விடவில்லை. முன்பக்கம் வந்ததும் கொஞ்சம் நின்றார். நூலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அப்புறம் நூலைச் சுருட்டினார்.

"கச்சிதமா இருக்குடி. உன் மேல ஒரு தப்பும் இல்ல. போய்ச் சாப்பிடு, போ."

நெஞ்சிலிருந்து அந்தக் குண்டே இறங்கின மாதிரி இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். அம்மாவிடம் தட்டு கேட்டு உட்கார்ந்து, ரசம் சாதத்தை இரண்டாம் தரம் போடச் சொன்னேன். மேலே வாளித் தண்ணீரைக் கொட்டும் சத்தமும், தென்னந்துடைப்பத்தால் தரையை அழுத்தித் தேய்க்கும் சத்தமும் கேட்டன.

கச்சிதமாக இருந்த வட்டத்தை எதற்கு அழிக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. பசி அப்படி.