உள்ளங்கையில் ஏற்றிய கற்பூரம்

எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் பொய் சொன்னார். டாக்டர் பேசியதை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிட்டோம். மலேசியாவில் செலண்டார் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவருடைய வேன்தான் வரும். அம்மா இறந்தபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர். அதனால்தான் இன்னும் எரிகிறது.

அக்காவுக்கு அப்போது இருபது வயதிருக்கும். சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவாள். காலையில் கண் திறந்திருக்கும், கை கால் அசையாது. கட்டில் ஓரத்தில் யாரோ நின்றதாகப் பிறகு சொல்வாள். வாய்விட்டுச் சிரித்தால் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுவாள். "இவகிட்ட ஜோக் சொல்லாதீங்க லா, அப்புறம் நாமதான் தூக்கிட்டுப் போகணும்" என்று பக்கத்து வீட்டு அத்தை கிண்டல் செய்வார்.

அந்த வருடத் திருவிழாவில் உறுமி மேளம் சூடுபிடித்தது. அக்காவுக்கு உறுமி என்றால் உயிர். முகம் மலர்ந்தது, தலை தொங்கியது, சரிந்தாள். உறுமிக்கு விழுந்தவளை எங்கள் ஊரில் யாரும் நோயாளியாகப் பார்க்க மாட்டார்கள். "ஆத்தா வந்துட்டா!" என்று மாமா கத்தினார். வந்தது அருள்தானா என்று பார்க்க அவள் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார். கை நகரவில்லை. கூட்டம் கும்பிட்டது. அக்காவுக்கு எல்லாம் கேட்டது, சூடும் தெரிந்தது. அலறத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அக்காவிடம் குறி கேட்க ஜாசினிலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. நான் பிடிவாதம் பிடித்து அக்காவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாமாதான் வேன் எடுத்தார். சோதனையெல்லாம் முடிந்த பிறகு தமிழ் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தூக்கத்திலிருந்து விழிப்புக்கு வருவது மூளைக்குள் ஒரு சுவிட்ச் மாறுவது போல. மாறிய சுவிட்ச் நழுவாமல் இருக்க, மூளையின் அடியில் கொஞ்சம் செல்கள் ஒரு பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அக்காவுக்கு அந்தச் செல்கள் அழிந்துபோய்விட்டன. கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் மூளை உடம்பைப் பூட்டி வைக்கிறது. அவளுக்கோ அந்தப் பூட்டு விழித்திருக்கும்போதே விழுகிறது. மனசு பொங்கினால் போதும்.

"சாமியும் இல்ல, பேயும் இல்லம்மா. உங்க மேல தப்பே இல்ல. மருந்த ஒழுங்கா சாப்பிட்டா வேலைக்குக்கூடப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. அக்கா அழுதாள். மாமா அவள் தலையைத் தடவி, "கேட்டுக்கிட்டியா தங்கம், மருந்து இருக்காம் லா" என்றார். அந்தக் கையை நான் நம்பினேன்.

நான் அங்கிருந்தே, தங்கி வேலை பார்க்கும் பாச்சாங்குக்குப் போய்விட்டேன். அவர்கள் இருவரும் வேனில் திரும்பினார்கள். வீட்டில் அவர் அப்பாவிடம் சொன்னது இது: "டாக்டருக்கே ஒன்னும் புரியல மச்சான். மாத்திரையக் குடுத்து ஆத்தாவ விரட்டப் பாக்குறாங்க." இல்லை என்று அக்கா கத்தியிருக்கிறாள். "பாத்தீங்களா, ஆத்தா கோவத்துல பேசுது" என்றாராம். அவள் பேசிய உண்மையையே தன் பொய்க்குச் சாட்சியாக்கிக்கொண்டார். அப்பா நம்பினார். மாத்திரைகள் கால்வாயில் போயின. அடுத்த திருவிழாவிலும் உறுமி, அடுத்த திருவிழாவிலும் கற்பூரம்.

அக்காவின் கையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. முதலாவது அறியாமல் வந்தது; அதில் ஊருக்கே பங்கு உண்டு. இரண்டாவது தெரிந்தே வைத்த நெருப்பு. அதில் ஒருவருக்குத்தான் பங்கு.

அந்த இரண்டாவது திருவிழாவுக்குப் போனபோதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது; மறுநாளே அவளை என்னோடு பாச்சாங்குக்குக் கூட்டி வந்துவிட்டேன். இன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். முழுக் குணம் இல்லை, ஆனால் சொந்தக் காலில் நிற்கிறாள். போன மாதம் அப்பாவின் சாவுக்குத் தோட்டத்துக்குப் போனோம். பெண்கள் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஆத்தாவை விரட்டியவளாம். ஆத்தாவின் அந்தக் கோபம்தான் அப்பாவைக் கொண்டுபோனதாம். சொன்னது யார் என்று கேட்டேன். மாமாவாம்.

மாமா, எனக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து அழவும் வேண்டாம். இந்தத் திருவிழாவில் உறுமியை நிறுத்தச் சொல்லுங்கள். மைக்கைக் கையில் எடுத்து, அன்று டாக்டரம்மா என்ன சொன்னார் என்று ஊரே கேட்கச் சொல்லுங்கள். அக்காவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.